பூட்டிக் கிடந்த வளவைத் துப்புரவாக்கிய கதை

ஆரையம்பதியிலிருந்து:

அம்மாவின் சீதன வளவு 7 வருடம் பூட்டிக் கிடந்தது. கேற்றைத் திறந்தால் வீட்டையே காணவில்லை. அம்மம்மா எப்போதோ போத்தலில் வைத்த மணிபிளான்ட்தான் மண்ணில் இறங்கி, மதிலைப் பிடித்து, தென்னையில் ஏறிச் சுளகு அளவு இலை விட்டிருந்தது.

முதல் நாள் வேகத்தில் மதிலில் ஒட்டிய கொடியைப் பிடித்து இழுத்தேன். கொடியோடு ஒரு முழம் சாந்தும் பெயர்ந்து வந்தது. சரி, இனி அடியில் வெட்டி வாடவிட்டுத்தான் பிடுங்குவது என்று முடிவெடுத்தேன். தென்னையில் ஏறியது மட்டும் லேசில் சாகவில்லை.

வெட்டியதைத் துண்டு துண்டாக்கி வேலி மூலையில் குவித்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டேன். அது புரட்டாதி. கார்த்திகை மழைக்குப் பிறகு வந்து பார்த்தால் குவியல் முழுக்கப் பச்சை! களுதாவளையில் வெற்றிலைத் தோட்டம் செய்யும் மாமா ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். கணுவுக்குக் கணு வெள்ளை வேர்.

"நீ வெட்டிப் போடல்ல மனே, நட்டுப் போட்டிருக்காய். வெத்திலைக் கொடிய நாங்க எப்பிடி நடுற? கணுவோட வெட்டித்தானே?"

மறுகா எல்லாவற்றையும் அள்ளிச் சீமெந்துத் தரையில் பரப்பினோம். தை வெயிலில் சருகான பிறகுதான் உரக்குழிக்குப் போனது.

திருக்கோவிலிலிருந்து:

உங்களுக்குச் சாந்துதான் போனது, எனக்குத் தோலே போயிற்று. தங்கச்சியின் வளவில் பூனைக்காலி என்று தெரியாமல் கொடியைப் பிடித்து உலுப்பினேன். காய்ந்த காயின் சுணை கழுத்து, கை, சாரம் எல்லாம் கொட்டியது. சொறியச் சொறியக் கூடியதுதான் மிச்சம். இப்போதெல்லாம் பூவோடு இருக்கும்போதே வெட்டிவிடுவேன். பாம்பு ஏதும் கண்டீர்களா?

ஆரையம்பதியிலிருந்து:

பாம்பு இல்லை அண்ணன், முசுறு எறும்புதான் கடித்துக் கொன்றது. கொடிக்கு அடியில் 14 சிரட்டையும் ஒரு உடைந்த குடமும் கிடந்தன. எல்லாவற்றிலும் தண்ணீர், எல்லாவற்றிலும் நுளம்புக் குடம்பி. பக்கத்து வீட்டில் இரண்டு பேருக்கு டெங்கு வந்திருந்ததால் அவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

கிணற்றடி வேலியில் முசுட்டைக் கொடி ஒன்று நின்றது. அதிலும் கத்தியை வைக்கப் போனேன், அம்மா விடவில்லை. அன்று மத்தியானமே அதில் ஒரு பிடி இலை சுண்டலாகிச் சோற்றுக்கு வந்தது.