தளும்பலா, ஒதுங்குநீரா?

அனைவருக்கும் வணக்கம்.

படகுகளின் நிலைப்பைக் கணிக்கும் மென்பொருளில் வரும் 'ஃப்ரீ சர்ஃபேஸ்' (நிரம்பாத தொட்டியில் தாராளமாக நகரும் நீர்ப்பரப்பு) என்பதற்கு 'கட்டற்ற பரப்பு' என்று ஐயா ஒருவர் தமிழாக்கி எழுதியிருந்தார். எனக்கு ஒட்டவில்லை. 'கட்டற்ற மென்பொருள்' பழகிய கண்ணுக்கு ஏதோ உரிமச் சமாச்சாரம் போலத் தெரிகிறது.

போன மாதம் நீரோடிப் பக்கம், கேரள எல்லையை ஒட்டிய ஒரு யார்டில் 60 டன் விசைப்படகுக்குக் கணக்குப் போட்டோம். அடியில் நன்னீர்த் தொட்டி, நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர். காலித் தொட்டியில் ஒரு சாண் நீர் ஏற்றியதும் ஜிஎம் (சாய்ந்த படகு நிமிரும் திறனைக் காட்டும் அளவு) இறங்கிவிட்டது. அடியில் எடை வைத்தால் கூடத்தானே வேண்டும்? உடனிருந்த தம்பி, மென்பொருளில்தான் பிழை என்று இரண்டு முறை அழித்து நிறுவிப் பார்த்தார். அதே விடை.

மூத்த ஆசாரி ஒருவர் சாப்பாட்டுத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி லேசாகச் சாய்த்தார். "துளும்புதுல்லா? நெறகுடம்னா துளும்பாது." பாதித் தமிழ், பாதி மலையாளம், விஷயம் முழுசு.

நீளத்தை அகலத்தின் மும்மடியால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 9. அதைப் படகின் எடையான 60-ஆல் வகுத்தால் ஜிஎம்மில் 15 செ.மீ. இழப்பு. ஒற்றைத்தள மீன்பிடிக் கலத்துக்கு ஐஎம்ஓ (பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு) கேட்கும் குறைந்தபட்ச ஜிஎம்மே 35 செ.மீ.தான். நடுவில் நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்தோம், இழப்பு கால்வாசியானது.

அப்போ 'தளும்பல்' என்றே வைக்கலாமே என்றால், அது 'ஸ்லாஷிங்'குக்கு வேண்டும். அது அலையடிப்பு. இங்கே ஆட்டமே இல்லை. படகு சற்றுச் சாய, நீர் தாழ்ந்த பக்கம் ஒதுங்குகிறது, கூடவே எடைமையமும் நகர்கிறது. அதனால் 'ஒதுங்குநீர் விளைவு' என்பது என் பரிந்துரை. டீசலை நீர் என்பதா என்று கேட்பீர்கள். செந்நீர் மட்டும் தண்ணீரா என்ன?

'மொமென்ட்'டுக்குப் பாடநூலில் உள்ள 'திருப்புத்திறன்' போதும். 'ஸ்லாக் டேங்க்' (முழுதும் நிரம்பாத தொட்டி) என்பதற்குக் 'குறைத்தொட்டி' எழுதியிருக்கிறேன், இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள். 'அரைத்தொட்டி' மட்டும் வேண்டாம்: பெட்டி வடிவத் தொட்டியில் ஒரு சாண் நீருக்கும் முக்கால் தொட்டி நீருக்கும் இப்படி ஒதுங்குவதால் வரும் திருப்புத்திறன் ஒன்றேதான்.