நாலு வயசுப் பையன் அப்பா செய்றதையெல்லாம் செய்யணும்ங்கிறான்: எதைக் கையில குடுக்கலாம்?

தங்கச்சிமடம்_தங்கச்சி:
பையனுக்கு நாலு வயசு. அவங்க அப்பா விசைப்படகுல போறவர், இப்ப மீன்பிடித் தடைக்காலம்ங்கிறதால வீட்டுல இருக்கார். கைலி கட்டணும், வலை பின்னணும், முகம் மழிக்கணும்னு அவர் பின்னாடியே சுத்துறான். "நான் ஆம்பளை, விளக்குமாறு அக்காவுக்கு"ன்னு வேற சொல்றான். எதை விடலாம், எதைத் தடுக்கலாம்?

கிழக்குக்கரை:
முதல்ல கைலி. பெரியவங்க கைலியை அப்படியே சுத்திவிட்டா ஒரு கையால முடிச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் படி ஏறுவான், விழுவான். பழைய கைலி ஒண்ணை உயரத்துல பாதியா வெட்டி, கணுக்காலுக்கு நாலு விரக்கடை மேல நிக்கிற மாதிரி மடிச்சுத் தைங்க. சுற்றளவு ஒன்றேகால் மீட்டர் போதும். இடுப்புக்கு எலாஸ்டிக், உள்ளே டவுசர். மடிச்சுக் கட்டுறதை அப்பாவே காட்டட்டும்.

வலை விஷயத்துல ஒண்ணு: தங்கூசி (ஒத்தை இழை நைலான் நரம்பு) துண்டு மட்டும் கைக்குப் போகக் கூடாது. கண்ணுக்குத் தெரியாம விரல்ல சுத்தி இறுகும், விரல் வீங்கிடும். அப்புறம் இழுத்து எடுக்கவே முடியாது, கத்தரிக்கத்தான் வேணும். பிளாஸ்டிக் வலை ஊசி ஒரு சாண் அளவுல ஒண்ணு எடுத்து, முனையை உப்புத்தாள்ல தேய்ச்சு மழுக்கிடுங்க. நூல் ஏத்துறதுதான் அவனுக்குச் சரியான வேலை: ஊசிக்குள்ள இருக்கிற நடு நாக்கைச் சுத்தி, அடிப் பிளவு வழியா இறக்கி, ஊசியைப் புரட்டி, மறுபக்கம் அதே மாதிரி. புரட்ட மறந்தா நூல் வழுக்கி வந்துடும், எல்லாப் பிள்ளையும் அங்கதான் தப்பு பண்ணும். ரெண்டு மில்லிமீட்டர் நூலா இருந்தா சீக்கிரம் நிறையும், அவனுக்கும் சலிக்காது. கண்ணி முடிச்சு இந்த வயசுல வராது, விட்டுடுங்க. கயித்துல மிதவை கோக்கிறது, பெருசு சிறுசு பிரிக்கிறது வரும். ஈயக்குண்டு வேண்டாம், வாயில போட்டுக்குவான்.

பாலர்_பார்வை:
அந்த விளக்குமாறு பேச்சைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மூன்று வயதை ஒட்டி "நான் பையன்" என்று சொல்லத் தெரிந்துவிடும். ஆனால் உடுப்போ முடியோ மாறினாலும் தான் பையன்தான் என்பது முழுதாகப் பிடிபட ஆறேழு வயது ஆகும். அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க் 1966-ல் எழுதியது இதைத்தான். அதுவரை வெளி அடையாளங்களை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். கைலி அப்பாவுக்கு, விளக்குமாறு அக்காவுக்கு என்று அவன் பிரிப்பது கண்ணால் பார்த்த கணக்கு. வாதாடினால் இன்னும் முரண்டு பிடிப்பான். பார்ப்பதை மாற்றுங்கள். படகில் சோறு பொங்குவதும் தளம் கழுவுவதும் ஆம்பளைகள்தானே? அதை அப்பா வாயால் சொல்லி, அவரே வாசலைக் கூட்டட்டும். பையனுக்குக் குட்டையாக நறுக்கிய ஒரு விளக்குமாறு. "ஆம்பளைப் பிள்ளை அழலாமா" என்பதையும் வீட்டில் நிறுத்துங்கள், அதுவும் இதே கணக்கில்தான் போய்ச் சேரும்.

முகம் மழிக்க: கன்னத்தில் மட்டும் கொஞ்சம் நுரை, வழிக்க ஐஸ் குச்சி. பிளேடு கழற்றிய ரேசரைக் கொடுக்காதீர்கள். நாளைக்குப் பிளேடு உள்ளதையும் அப்படியே எடுப்பான்.

தொண்டித்துறை:
மேலே சொல்லாம விட்டது: தடைக்காலத்துல கரையில ஏத்தின படகுக்கு பைபர் தேய்க்கிற இடம், பெயிண்ட் அடிக்கிற இடம் பக்கம் கூட்டிட்டுப் போகாதீங்க. டீசல், மண்ணெண்ணெயைத் தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்கிற பழக்கம் நம்ம பக்கம் நிறைய. அப்பா பாட்டில்ல குடிக்கிறதைப் பாக்கிற பிள்ளை அதையும் எடுத்துக் குடிக்கும். குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நுரையீரலுக்குள்ள இறங்கிடும். உடனே 108.

துறையில கட்டியிருக்கிற படகுல ஏத்துறதா இருந்தாலும் மிதவைச் சட்டை அவன் எடைக்கு உள்ளதாப் போடுங்க. மாட்டின பிறகு தோள் பட்டை ரெண்டையும் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க. காது வரைக்கும் ஏறி வந்தா பெருசு. காலுக்கிடையில வர்ற பட்டை இல்லாதது இந்த வயசுக்கு உதவாது. சட்டை போட்டாலும் கைக்கெட்டுற தூரத்துல ஒரு பெரிய ஆள் இருக்கணும்.

தங்கச்சிமடம்_தங்கச்சி:
நன்றி அண்ணே. ஜூன் 14-ஓட தடை முடிஞ்சதும் அவர் கடலுக்குப் போயிடுவாரே, இவன் தேடுவானே?

பாலர்_பார்வை:
தூங்கும்போது சொல்லாமல் கிளம்ப வேண்டாம். முந்தின நாள் ராத்திரி டார்ச், துண்டு, தண்ணீர் கேன் எடுத்து வைப்பது அவன் பொறுப்பாக இருக்கட்டும். காலண்டரில் போகிற நாளுக்கு ஒரு பொட்டு, திரும்புகிற நாளுக்கு ஒரு பொட்டு.

தொண்டித்துறை:
பென்சில்ல போடுங்க. உங்க பக்கம் கடலுக்குப் போற நாள் திங்கள், புதன், சனின்னு இருந்தாலும் காத்து கூடினா டோக்கன் (கடலுக்குப் போற அனுமதிச் சீட்டு) குடுக்க மாட்டாங்க. அன்னிக்குப் பொட்டை அவனே அழிக்கட்டும்.