சர்வீஸ்: சேவையா, ஏவலியா? (கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்கு)

ராமநாதபுரத்திலிருந்து:
அன்பர்களே, மாணவர்களுக்கான அப்ளிகேஷன் சர்வர் (செயலிகளை ஓட்டித்தரும் மென்பொருள்) கையேட்டில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. வெப்லாஜிக் என்ற அப்படிப்பட்ட சர்வரை மேம்படுத்தியபின் வரும் கோளாறுகள் பற்றியது. விண்டோஸில் பதிந்த சர்வீஸ், அதாவது திரைக்குப் பின்னால் தானாக ஓடும் நிரல், பழைய ஜாவா இருந்த இடத்தையே தேடும். அட்மின் கடவுச்சொல்லை மாற்றியிருப்பார்கள், சர்வர் எழும்பும்போது படிக்கும் பூட்.ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் பழையதே கிடக்கும், சர்வர் எழும்பாது. புதியதை அதில் அப்படியே தட்டிவிட்டால் அடுத்த முறை எழும்பும்போது சர்வரே அதை யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கிக்கொள்ளும். இதெல்லாம் எழுதியாயிற்று. ஆனால் "சேவை ஓடினாலும் 503 பிழை (சர்வர் இப்போது பதில் தர இயலாது என்பது) வந்து சேவை கிடைக்காமல் போகலாம்" என்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். முதல் சேவைக்கு, அதாவது விண்டோஸ் சர்வீஸுக்கு, வேறு சொல் தாருங்கள்.

மண்டபத்திலிருந்து:
சேவை வேண்டவே வேண்டாம் சார். திருப்புல்லாணியில் போய் "சேவை நின்றுவிட்டது" என்றால் பெருமாள் கோயில் நடை சாத்தியாச்சு என்பார்கள். ஊழியம் என்றால் தங்கச்சிமடத்தில் சர்ச் ஞாபகம்தான் வரும். ஏவலி என்று வையுங்கள். ஏ என்றால் அம்பு. அதிலிருந்து ஏவு, ஏவல், நம்ம ராமேஸ்வரத்துக்காரர் கலாம் செய்த ஏவுகணை வரைக்கும் ஒரே வேர். வில்லூன்றித் தீர்த்தம் இருக்கிற ஊரில் அம்புச் சொல்லுக்கா பஞ்சம்?

பரமக்குடியிலிருந்து:
வில்லூன்றி வில்லை ஊன்றிய இடம் ஐயா, அம்பு விட்ட இடமல்ல. அது கிடக்கட்டும். வழிகாட்டி, ஒலிபெருக்கி எல்லாம் வினைப்பகுதியோடு இகரம் சேர்ந்தவை. ஏவு என்பதோடு சேர்த்தால் ஏவி. அது ஏவுகிறவரைக் குறிக்குமே தவிர ஏவலைச் செய்வதைக் குறிக்காது. தொழிற்பெயரான ஏவல்மேல் எப்படி இகரத்தை ஒட்டுவீர்கள்?

மண்டபத்திலிருந்து:
செயலியை மட்டும் எப்படி ஒத்துக்கொண்டீர்கள்?

கீழக்கரையிலிருந்து:
இலக்கணம் இருக்கட்டும் காக்கா. "ஏவலி நிற்கவில்லை" என்று அச்சடித்தால் ஏவல், பில்லி, சூனியம் என்று படித்துவிட்டு சர்வரை ஏர்வாடி தர்காவுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வார்கள்.

மண்டபத்திலிருந்து:
அதுதான் பொருத்தமே! யூனிக்ஸ் இயங்குதளத்தில் இதே வேலையைச் செய்வதற்கு டீமன் என்று பெயர். 1963 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில், இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த பூதத்தை நினைத்து வைத்த பெயர் அது. அவர்கள் பூதம் என்கலாம், நாம் ஏவல் என்றால் மட்டும் குற்றமா?

தொண்டியிலிருந்து:
தம்பி, பையன் திரையைத் திறந்தால் அங்கே சர்வீசஸ் என்றுதான் பட்டியல் இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துக் கிடக்கும்போது ஏவலியை எங்கே போய்த் தேடுவான்? சர்வீஸ் என்றே தமிழில் எழுதுங்கள். நம்ம கடற்கரையில் படகு எஞ்சினுக்கே சர்வீஸ் என்றுதான் சொல்கிறோம்.

பரமக்குடியிலிருந்து:
அப்படியானால் கையேட்டையே ஆங்கிலத்தில் போடலாமே. அட்மினுக்கும் தமிழ்ச் சொல் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பாம்பனிலிருந்து:
சம்மாட்டி என்று போடுங்கள். படகு, வலை, ஆள் எல்லாம் அவர் பொறுப்புதானே.

ராமநாதபுரத்திலிருந்து:
சம்மாட்டி அருமை, ஆனால் மதுரைப் பையனுக்கு அதற்கே தனி அடிக்குறிப்பு போடணும், நிர்வாகியே இருக்கட்டும். சர்வீஸுக்கு நான் வைக்கும் 'பின்னணிச் சேவை'க்குப் பெரும்பாலோர் களைத்துப்போய்ச் சரி சொன்னதாக எடுத்துக்கொள்கிறேன். 503க்கு வரும் சேவை வெறும் சேவை. கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

மண்டபத்திலிருந்து:
நான் சரி சொல்லவில்லை. இரண்டாம் பதிப்பில் ஏவலிக்காக மறுபடி வருவேன்.