பழைய பிஎஸ்2 வாங்கணும்: ஃபேட்டா, 77000 ஸ்லிம்மா, 90000 ஸ்லிம்மா?

அம்பை_பொடியன்:

வணக்கம் மக்கா. பொங்கல் லீவுக்கு அக்கா பயலுவ ரெண்டு பேரும் சித்தப்பா மவன் ஒருத்தனும் அம்பாசமுத்திரம் வாரானுவ, வந்தா ஆளுக்கொரு மூலைல மொபைல நோண்டிக்கிட்டு கெடப்பானுவ, அதனால இந்த தடவை பழைய பிஎஸ்2 (சோனி பிளேஸ்டேசன் 2 கேம் மெஷின்) ஒண்ணு வாங்கி நடுவீட்டுல வச்சிரலாம்னு இருக்கேன். 2009ல வாங்குன என் ஸ்லிம் (ஒல்லி மாடல்) செத்து நாலஞ்சு வருசமாச்சு, ஆனா டிஸ்க் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்ல அப்படியே இருக்கு. ஸ்மாக்டவுன் ஹியர் கம்ஸ் தி பெய்ன், கிரிக்கெட் 07, சான் ஆண்ட்ரியாஸ், கிரான் டூரிஸ்மோ 4, இன்னும் ஒரு பதினஞ்சு தேறும்.

மூணு எடத்துல கேட்டு வச்சிருக்கேன். மேலப்பாளையத்துல ஒருத்தரு கிட்ட பெரிய ஃபேட், மாடல் நம்பர் 50000 வரிசை, அவுக மாமா கல்ஃப்ல இருந்து கொண்டாந்ததாம், பின்னாடி நெட்வொர்க் அடாப்டர்னு என்னமோ மாட்டிருக்கு, ஆறாயிரம் சொல்லுதாரு. வள்ளியூர்ல 77000 ஸ்லிம், காப்பி டிஸ்க்கும் ஓட சிப் போட்டது, கரண்டு அடாப்டர் இல்ல, மூவாயிரத்துக்கு தாரேங்கான். தச்சநல்லூர்ல 90000 ஸ்லிம், டப்பாவோட பளபளன்னு இருக்கு, அஞ்சாயிரம். எனக்கு பாத்த ஒடனே புடிச்சது இதுதான். இங்க ரிப்பேர் கடைக்காரரும் ஃபேட்டு தூசி மூட்டை தொடாதீரும்னு சொல்லிட்டாரு. ஆனா விலை ஏன் இப்படி தலைகீழா இருக்குன்னு புரியல, பழசுக்கு ஆறாயிரம் புதுசுக்கு அஞ்சாயிரமா? வீட்டுல சாயங்காலம் ஆனா வோல்டேஜ் எறங்கும், அதையும் சொல்லிட்டேன். டிவி எல்இடிதான், பரண்ல பழைய டப்பா டிவி ஒண்ணு கெடக்கு, அதுவும் ஆன் ஆவுது.

டவுன்_சோல்டரிங்:

இரும் வே. மாடல் சொன்னீரு, விலை சொன்னீரு, டிஸ்க் ஒரிஜினலா காப்பியான்னு சொல்லலியே, அதுலதான எல்லாமே இருக்கு. டின்ன தொறந்து டிஸ்க்க திருப்பிப் பாரும். ஒரிஜினல் பிஎஸ்2 டிவிடின்னா அடிப்பக்கம் வெள்ளியா இருக்கும், கொஞ்சம் கேம் சிடில வந்துச்சு, அதுக்கு அடி நீலம். ஊதா அடிச்சாப்ல இருந்தா அது எரிச்ச டிஸ்க், அத சிப் இல்லாத மெஷின் சும்மா போட்டா வாங்காது.

கடைக்காரரு தூசின்னு சொன்னது பொய் இல்ல. ஃபேட் முன்பக்கம் காத்த இழுத்து பின்பக்கம் தள்ளுது, ஆடிக்காத்துல நம்ம பக்கம் பறக்க மண்ணு பூராம் உள்ள போயி உக்காரும். ஆனா கழட்டி பிரஷ் போட்டா போச்சு, ஒரு மணி நேர வேலை. 30000, 39000 மாடலுக்கு ஃபேன் சத்தம் தாங்காது, 50000ல சத்தத்த கொறச்சிட்டாவ. டிஸ்க் ரீட் எரர் வந்தாலும் ஃபேட்ல லென்ஸ தொடைச்சு கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ண எடம் இருக்கு.

ஸ்லிம்மு 2004ல 70000ன்னு வந்துச்சு, 2.8 சென்டிமீட்டர் தடிமன், 900 கிராம், அழகுதான். ஆனா 70000ல இருந்து 79000 வரைக்கும் எல்லாத்துக்கும் வெளிய தனி அடாப்டர், 8.5 வோல்ட். வள்ளியூர்காரன் அடாப்டர் இல்லன்னு சொன்னதும் எனக்கு சந்தேகம், ஏன்னா 12 வோல்ட் ரவுட்டர் அடாப்டர சொருகி போர்ட பொசுக்கிட்டு கொண்டாந்த ஆள் ரெண்டு பேர நானே பாத்துட்டேன். அதுக்கு மேல சிப் வேற போட்டது. சிப் போட்ட ஸ்லிம்ல கீறல் டிஸ்க்க போட்டு மல்லுக்கட்டுனா லென்ஸ் காயில் எரியும், தடுக்க ஒரு சின்ன சர்க்யூட் சேப்பாவ, அது இருக்கான்னு தொறந்து பாத்தாத்தான் தெரியும். மூவாயிரம் சும்மா இல்ல.

இன்னொண்ணு, 75000ல இருந்து உள்ள இருந்த பழைய பிஎஸ்1 சிப்ப தூக்கிட்டு வேற சிப்ப வச்சு அது மாதிரி வேசம் போட வச்சிருக்காவ. முக்காவாசி கேம் ஓடும், சில பிஎஸ்1 கேமும் ரெண்டொரு பிஎஸ்2 கேமும் மொரண்டு பண்ணும். 50000க்கு அந்த தொல்லை கெடையாது.

மேலப்பாளையம்_மச்சான்:

அந்த நெட்வொர்க் அடாப்டர சாதாரணமா எழுதிட்டீங்களே மச்சான், ஆறாயிரத்துல பாதி அதுக்குத்தான் கேக்காரு. ஃபேட்டுக்கு பின்னாடி ஒரு பெரிய குழி உண்டும், 3.5 இஞ்ச் கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க் போற அளவு. அடாப்டர் மாட்டுனா ஹார்டு டிஸ்க் நேரா உள்ள ஒக்காந்துரும். சோனி அடாப்டர்ல பழைய ஐடிஇ சாக்கெட்தான், இப்போ புது மாதிரி டிஸ்க்குக்கு சாட்டா போர்டு தனியா கெடைக்கு, அத மாத்திட்டா பழைய டெஸ்க்டாப் டிஸ்க்கே போதும். மெமரி கார்டுல ஃப்ரீ மெக்பூட் (சிப் இல்லாமலே வெளி சாஃப்ட்வேர ஓட வைக்கது) ஏத்திட்டு, ஓபிஎல்ல (ஹார்டு டிஸ்க்ல இருந்து கேம் ஓட்டுறது) தொறந்தா எல்லா கேமும் வரிசையா நிக்கும், லென்சுக்கு வேலையே கெடையாது.

எங்க வாப்பா தம்மாம்ல இருந்து 2003ல கொண்டாந்த ஃபேட் இப்பவும் எங்க வீட்டுல ஓடுது. ரெண்டு தடவ லென்ஸ் போச்சு, ஹார்டு டிஸ்க் போட்ட பொறவு லென்ஸ யாரு தேடுதா.

ஸ்லிம்ல பென்டிரைவ்ல ஓட்டலாமேன்னு ஒருத்தன் வருவான் பாருங்க. அந்த யுஎஸ்பி 1.1, நொடிக்கு ஒரு எம்பி வந்தாலே பெருசு. டிவிடி டிரைவு நாலு மடங்கு வேகத்துல நொடிக்கு அஞ்சு எம்பிக்கு மேல தரும். அதனால கதை வீடியோ வர எடத்துல எல்லாம் திக்கும், சத்தம் முன்ன போவும் படம் பின்ன வரும். ஸ்லிம்ல நெட்வொர்க் சாக்கெட் உள்ளயே இருக்கு, வயர் போட்டு லேப்டாப்ல இருந்து இழுத்தா நல்லா ஓடும், அத ஒத்துக்கிடுதேன், ஆனா நடுவீட்டுல சின்னப் பயலுவ ஓடியாடுற எடத்துல வயரு தாங்குமான்னு பாத்துக்கிடுங்க.

பாளை_அக்கா:

தம்பி, எல்லாரும் சிப்பு லென்சுன்னே பேசுதாவ, நீ நாலு பேரு வெளயாடணும்னுதான வாங்குத? பிஎஸ்2ல ரெண்டு கன்ட்ரோலர் சாக்கெட்தான். நாலு பேருக்கு மல்டிடேப் வேணும். ஃபேட் மல்டிடேப் ஸ்லிம்ல ஏறாது, சாக்கெட் எடைவெளி வேற, ஸ்லிம்முக்கு தனி மல்டிடேப். நான் இது தெரியாம ஒரு மாசம் தேடி ஃபேட் மல்டிடேப்ப வாங்கிட்டு வந்து ஸ்லிம் முன்னாடி வச்சு முழிச்சிருக்கேன், எங்க அண்ணன் இன்னைக்கும் சொல்லி சிரிப்பான். எத வாங்குனாலும் அதுக்கு ஏத்தத பாத்து வாங்கு.

டிவி விசயம். எல்இடில மஞ்ச வயர சொருகுனா மூஞ்சி எல்லாம் கஞ்சி ஊத்துனாப்ல இருக்கும். எச்டிஎம்ஐ டாங்கிள் மலிவா கெடைக்கு, ஆனா மெஷின் செட்டிங்ஸ்ல வீடியோவ ஆர்ஜிபில இருந்து ஒய் பிபி பிஆருக்கு மாத்தணும், இல்லன்னா கலர் கன்னாபின்னான்னு வரும், டாங்கிள் போச்சுன்னு தூக்கி போட்டுறாத. கிரிக்கெட் 07க்கு மட்டும் அந்த பரண் டிவிய எறக்கு. எல்இடில பந்து வரதுக்கும் பேட்டு சுத்துறதுக்கும் நடுவுல ஒரு சின்ன தாமதம் வரும், டைமிங் தப்பி போல்டு ஆயிட்டே இருப்ப. டப்பா டிவில அது கெடையாது.

தேரிக்காட்டு_ராசா:

எதுக்கு இம்புட்டு பாடு. பிசிஎஸ்எக்ஸ்2ன்னு பிஎஸ்2 எமுலேட்டர் (மெஷின் மாதிரியே நடிக்க சாஃப்ட்வேர்) போட்டா லேப்டாப்லயே எச்டில ஓடுது, வயரும் வேண்டாம் தூசியும் வேண்டாம். எங்க பக்கம் கடக்காத்துக்கு எந்த மெஷினும் ரெண்டு வருசத்துல துரு ஏறிருது, உவரில என் மச்சினன் வச்சிருந்த ஃபேட்டுக்கு உள்ள தகரம் பூராம் பூத்து போச்சு. சட்டப்படி பயாஸ் (மெஷினுக்குள்ள இருக்க அடிப்படை சாஃப்ட்வேர்) உம்ம மெஷின்ல இருந்துதான் எடுக்கணும்ங்கது வேற கதை.

அம்பை_பொடியன்:

ராசாண்ணே, எங்கிட்ட இருக்கது ஆபீஸ் லேப்டாப், அதுல எமுலேட்டர் போட்டா எங்க ஐடிக்காரன் என்னய போட்டுருவான்.

டின்ன தொறந்து பாத்தேன். ஏழு வெள்ளி, பதினொண்ணு ஊதா, ஸ்மாக்டவுன் ஊதா, அதுலயும் வெரல் அகலத்துக்கு கீறல். கிரான் டூரிஸ்மோ வெள்ளி. நேத்து தச்சநல்லூர் போயி 90000த்த பாத்துட்டும் வந்தேன், இதுக்கு அடாப்டர் வேண்டாம், நேரா ரெண்டு முள் வயர்தான். அடில ஸ்டிக்கர்ல 8டின்னு ஒரு ஓரத்துல போட்டுருக்கு, அது என்ன?

டவுன்_சோல்டரிங்:

விலை ஏன் தலைகீழுன்னு கேட்டீருல்லா, பதில் அந்த 8டில இருக்கு. எண்ணு வருசம், எழுத்து மூணு மூணு மாசக் கணக்கு. 8டின்னா 2008 அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள செஞ்சது. 90000லயே 8சி வாக்குல பயாஸ 2.30ன்னு மாத்தி, மெமரி கார்டுல இருந்து ஃப்ரீ மெக்பூட் ஏறுற வழிய அடைச்சிட்டாவ. 8சி ரெண்டுங்கெட்டான், சிலதுல ஏறும் சிலதுல ஏறாது. 8டி ஏறாது. வழி இல்லாம இல்ல, 2020ல ஃப்ரீ டிவிடி பூட்னு வந்துச்சு, டிவிடி பிளேயர்ல இருந்த ஓட்டை வழியா ஒரு எரிச்ச டிஸ்க்க போட்டு உள்ள நுழையுறது, ஆனா அப்பவும் ஒவ்வொரு தடவையும் லென்ச நம்பித்தான் இருக்கணும். உம்ம டிஸ்க்கு பூராம் வெள்ளியா இருந்தா 90000ததான் வாங்கச் சொல்லிருப்பேன், கண்ண மூடிக்கிட்டு. பதினொண்ணு ஊதாவ வச்சிக்கிட்டு அத வாங்குனா பளபளன்னு ஷோகேஸ்ல வச்சு பாத்துக்கிட வேண்டியதுதான்.

ஃபேட்ட எடும். போவும்போது செய்ய வேண்டியது: பின்னாடி ஸ்டிக்கர்ல வோல்டேஜ் பாரும், 220ல இருந்து 240ன்னு இருக்கணும், ஜப்பான் மெஷின்னா 100 வோல்ட், நம்ம வீட்டு கரண்டுல புகைதான். கல்ஃப் மெஷினும் நம்ம ஊரு ஒரிஜினல் டிஸ்க்கும் ஒரே பால் (PAL) வட்டாரந்தான், வெள்ளி ஏழும் ஓடும். பின்னாடி மெயின் சுவிட்ச் ஒண்ணு உண்டும், அத போட்டு செவப்பு லைட் வருதான்னு பாத்துட்டு, ஒரு வெள்ளி டிவிடி, ஒரு நீல சிடி ரெண்டையும் போட்டுப் பாரும், ஏன்னா லென்ஸ் ஒண்ண படிச்சிட்டு இன்னொண்ண விட்டுரும். ஆன் பண்ணும்போதெல்லாம் தேதி கேட்டா பயப்படாதீரும், உள்ள இருக்க சிஆர் 2032 பேட்டரி தீந்துருக்கும், அம்புட்டுதான். வோல்டேஜுக்கு ஒரு ஸ்டெபிலைசர் போட்டுரும், இருக்க ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர்ல சொருகாதீரும், தனியா போடும்.

கிரான் டூரிஸ்மோ 4 ரெண்டு லேயர் டிஸ்க்கு, எடம் நெறய எடுக்கும், ஹார்டு டிஸ்க் 250 ஜிபிக்கு கொறயாம பாரும்.

அம்பை_பொடியன்:

வாங்கிட்டேன். மேலப்பாளையம் அண்ணாச்சி அஞ்சாயிரத்து ஐநூறுக்கு விட்டாரு, கூட ரெண்டு கன்ட்ரோலர், ஒரு 8 எம்பி மெமரி கார்டு. வெள்ளி டிவிடி ஒடனே எடுத்துச்சு, அண்ணாச்சி வச்சிருந்த நீல சிடிய ரெண்டு தடவ யோசிச்சுட்டு எடுத்துச்சு. பஸ்ஸுல மடில வச்சு கொண்டாந்தேன், ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கும் போல, சேரன்மகாதேவி தாண்டும்போதே தொடை மரத்துப் போச்சு. தொறந்து தூசி தட்டுனேன், ஃபேன்ல இருந்து வந்தத பாத்து எங்கம்மா இது என்னலே பஞ்சு மூட்டையான்னு கேட்டாவ.

ஸ்மாக்டவுன் கீறல் டிஸ்க் முக்கா மணி நேரம் தடவித் தடவி ஹார்டு டிஸ்க்ல ஏறிட்டு. மல்டிடேப் மட்டும் இன்னும் அம்புடல, ஃபேட்டுக்கு உள்ளது. அக்கா, நீங்க தப்பா வாங்குனீங்களே அது இப்பவும் இருக்கா?

பாளை_அக்கா:

இருக்கு தம்பி, டப்பா கூட பிரிக்கல. கேடிசி நகர் பக்கம் வந்தா சொல்லு. காசு வேண்டாம், அண்ணன் கண்ணுல படாம எடுத்துட்டு போனா போதும்.