வீட்டில் கரண்ட் இருக்கிறது, கோழிக் கொட்டகையில் இல்லை: மின்தடை அறிவிப்பு எங்களுக்கு ஏன் வருவதில்லை?

கொட்டகைக்காரி, பொங்கலூர் பக்கம்:

எல்லோருக்கும் வணக்கம். பல்லடம் தாலுகாவில் பொங்கலூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 5,000 கோழி பிடிக்கிற கறிக்கோழிக் கொட்டகை ஒன்று வைத்திருக்கிறோம். கம்பெனிக் குஞ்சு, கம்பெனித் தீவனம், எங்களுக்கு வளர்ப்புக் கூலி. பக்கம் திறந்த சாதாரணக் கொட்டகைதான். வெயில் காலத்துக்காக எட்டு ஃபேனும், தண்ணீரைப் பனிபோல் தெளிக்கிற ஃபாகர் லைனும் போட்டிருக்கிறோம்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குத் தீவனம் போட்டேன். எட்டரைக்கு ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் திருப்பூர் போயிருந்தார். வீட்டில் மிக்ஸி ஓடியது, டிவி ஓடியது, அதனால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பன்னிரண்டரைக்குக் கொட்டகைக்குப் போனால் ஒரு ஃபேன்கூடச் சுற்றவில்லை. 36 நாள் கோழி, இரண்டு கிலோவைத் தொட்டிருந்தது, கம்பெனிக்காரர்கள் வந்து கோழி பிடிக்க நாலு நாள்தான் பாக்கி. எல்லாம் இறக்கையை விரித்து, வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு கிடந்தன. பொழுது சாய எண்ணிப் பார்த்தபோது 212 செத்திருந்தன. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அப்புறம் விசாரித்தால், அன்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மாதாந்திரப் பராமரிப்பு என்கிறார்கள். முந்தின நாள் பேப்பரைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஊர்த் துணை மின் நிலையத்தின் பெயரே அதில் இல்லை. எனக்கு எஸ்.எம்.எஸ்.ஸும் வரவில்லை. வீட்டு இணைப்புக்கு மட்டும் பில் தொகை முதல் எல்லாச் செய்தியும் என் போனுக்கு ஒழுங்காக வருகிறது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். எந்த நாளில் கரண்ட் நிற்கும் என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? முந்தின நாள் சொல்லியிருந்தால் ஒரு ஜெனரேட்டரை வாடகைக்காவது எடுத்திருப்போம். அடுத்த பேட்ச் குஞ்சு இறங்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

தறிக்காரர், சோமனூர்:

கேட்கவே கஷ்டமாக இருக்குதுங்க. வீட்டில் கரண்ட் இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் பராமரிப்பாக இருக்காது, உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போயிருக்கும் என்று தோன்றுகிறது. கொட்டகைக்குப் பக்கத்துத் தோட்டங்களில் அன்று கரண்ட் இருந்ததா?

கொட்டகைக்காரி:

இல்லைங்கண்ணா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்திலும் இல்லை. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஊரும் வீடும், அந்தப் பக்கம் கொட்டகை. நடந்தால் பத்து நிமிஷம்.

ஓய்வுபெற்ற லைன்மேன், காங்கேயம்:

அம்மிணி, வாய்க்காலைச் சொன்னதும் விஷயம் பிடிபட்டுவிட்டது. உங்கள் வீட்டுக்கும் கொட்டகைக்கும் கரண்ட் வேறு வேறு துணை மின் நிலையத்திலிருந்து வருகிறது. ஒரே ஊர், ஒரே ரேஷன் கடை, அதனால் ஒரே லைன் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். ஃபீடர், அதாவது துணை மின் நிலையத்திலிருந்து டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு வருகிற 22 கேவி (22,000 வோல்ட்) லைன், ஊர் எல்லையைப் பார்த்துப் போவதில்லை. கம்பம் நட எது வசதியோ, எந்த நிலையத்தில் லோடு தாங்குமோ, அதைப் பார்த்துப் போகும். வாய்க்கால், ரயில் பாதை, நாலு வழிச்சாலை இருக்கிற இடங்களில் இந்தப் பக்கம் ஒரு ஃபீடரும் அந்தப் பக்கம் ஒரு ஃபீடரும் இருப்பது சாதாரணம். நீங்கள் பேப்பரில் உங்கள் ஊர் நிலையத்தின் பெயரைத் தேடியிருக்கிறீர்கள். அறிவிப்பு வந்திருக்கும், ஆனால் அடுத்த நிலையத்தின் பெயரில் வந்திருக்கும். ஊர்ப் பட்டியலிலும் உங்கள் ஊர் இருந்திருக்காது, ஏனென்றால் ஊர் அந்த நிலையத்தில் இல்லை, தோட்டம் மட்டும்தான் இருக்கிறது.

இதைச் சரிபார்க்க வீட்டு மின் அட்டையையும் கொட்டகை மின் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இணைப்பு எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மண்டலம். கோவை மண்டலத்துக்கு 03, ஈரோட்டுக்கு 04. அடுத்த மூன்று இலக்கம் பிரிவு அலுவலகம். அதற்கடுத்த மூன்று பகிர்மானம், கடைசியில் இருப்பதுதான் உங்கள் எண். பிரிவு இலக்கம் மாறியிருந்தால் இரண்டும் வேறு அலுவலகம் என்று அர்த்தம். அது ஒன்றாக இருந்தாலும் ஃபீடர் வேறாக இருக்கலாம். அதனால் கொட்டகைக்குக் கரண்ட் தருகிற டிரான்ஸ்ஃபார்மரில் பெயின்ட்டில் எழுதியிருக்கிற எஸ்.எஸ். எண்ணைக் குறித்துக்கொண்டு பிரிவு அலுவலகம் போங்கள். "இது எந்த நிலையம், எந்த ஃபீடர்?" என்று கேளுங்கள். லைன்மேனுக்கு மனப்பாடமாகத் தெரியும், ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

எஸ்.எம்.எஸ். வராததற்குக் காரணம் வேறு. கொட்டகை இணைப்பு யார் பெயரில் இருக்கிறது?

கொட்டகைக்காரி:

மாமனார் பெயரில். அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. இப்போதுதான் அட்டையைப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே பிரிவு இலக்கம் வேறாக இருக்கிறது. இத்தனை வருஷம் இரண்டு அட்டையையும் ஒரே டப்பாவில் வைத்திருந்தும் கவனித்ததில்லை.

ஓய்வுபெற்ற லைன்மேன், காங்கேயம்:

அதுதான். 2022 கடைசியில் ஆதார் இணைக்கச் சொன்னபோது வீடு, விவசாயம், விசைத்தறி போன்ற மானிய இணைப்புகளுக்குத்தான் கேட்டார்கள். அப்போது எல்லோரும் புது போன் எண்ணையும் கொடுத்துவிட்டார்கள். கோழிக் கொட்டகை இணைப்புக்கு ஆதார் கேட்டிருக்க மாட்டார்கள், அதனால் அதில் மாமனாரின் பழைய எண்ணே கிடக்கும். செய்தி இன்றும் அந்த எண்ணுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.

எண்ணை மாற்றப் பெயர் மாற்றம் வரை காத்திருக்க வேண்டாம். பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், இடத்துக்கான ஆவணம் எல்லாம் கேட்பார்கள். கொழுந்தனார், நாத்தனார் எல்லோரும் கூடுகிற ஒரு நல்ல நாளில் கையெழுத்து வாங்கி அதையும் முடித்துவிடுங்கள்.

திடீரென்று நின்றால் மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு அடியுங்கள், 94987 94987. 2021 ஜூனிலிருந்து 24 மணி நேரமும் ஆள் இருக்கிறார்கள். கொட்டகையின் இணைப்பு எண்ணைச் சொல்ல வேண்டும், வீட்டு எண்ணைச் சொன்னால் "அங்கே கரண்ட் இருக்கிறதே" என்றுதான் பதில் வரும். வாரியத்தின் இணையதளத்திலும் பராமரிப்பு நாட்களை மின்பகிர்மான வட்டம் வாரியாகப் போடுகிறார்கள்.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கொண்டுவந்து நேராக போர்டில் ஒயரைச் சொருகிவிடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். மேலே 22,000 வோல்ட் வந்தால் கீழே 433 தரும். அதேபோல் கீழிருந்து ஜெனரேட்டர் கரண்டைத் தள்ளினால் மேலே 22,000 பக்கம் உயிர் பெற்றுவிடும். அந்த நேரத்தில் கம்பத்தில் ஒருத்தன் இருப்பான், லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பியைப் பிடித்திருப்பான். நாங்கள் எர்த் ராடு போட்டுவிட்டுத்தான் ஏறுவோம். ஆனாலும் இந்த மாதிரி பின்னால் வந்த கரண்டில் அடிபட்ட பையனை நான் என் கையால் இறக்கியிருக்கிறேன். நான்கு போல் (மூன்று பேஸ், ஒரு நியூட்ரல் என நான்கு கம்பியையும் சேர்த்து மாற்றுகிற) சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டு, வாரியத்து லைன் ஒரு பக்கம், ஜெனரேட்டர் ஒரு பக்கம் என்று வையுங்கள். நியூட்ரலும் சேர்ந்து பிரிய வேண்டும், அதற்காகத்தான் நான்கு போல். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனே போடட்டும்.

பண்ணை மேற்பார்வையாளர், உடுமலை:

அக்கா, லைன் விஷயத்தை அண்ணன் சொல்லிவிட்டார். கோழிப் பக்கம் நான் சொல்கிறேன். கோழிக்கு வேர்க்காது, மூச்சிளைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியே தள்ளும். இரண்டு கிலோ கோழி நெருக்கமாக நிற்கும்போது காற்று நின்றால் சூடு கோழிகளுக்கு நடுவிலேயே தங்கிவிடும். தீவனம் தின்றபின் செரிக்கிற சூடும் சேர்ந்துகொள்ளும். வெயில் மாதங்களில் காலை பத்து மணிக்கெல்லாம் தீவனத் தட்டைத் தூக்கிவிட்டு நாலு மணிக்குமேல் இறக்குங்கள். கரண்ட் நின்றால் முதலில் பக்கத் திரையை முழுக்க இறக்கித் திறந்துவிடுங்கள். பிறகு இரண்டு பேர் மெதுவாக உள்ளே நடந்து கோழிகளை எழுப்பிவிடுங்கள், அடியில் தேங்கிய சூடு வெளியேறும். கூரைமேல் தண்ணீர் தெளிக்க மேல்தொட்டியிலிருந்து ஒரு குழாய் தனியாக இழுத்து வையுங்கள், அதற்குக் கரண்ட் வேண்டாம்.

கரண்ட் போனது தெரிய, கிணற்று மோட்டாருக்குப் போடுகிற மொபைல் ஸ்டார்ட்டர் மாதிரி ஒன்றைக் கொட்டகை போர்டில் மாட்டலாம். உள்ளே பேட்டரி இருக்கும், கரண்ட் போனதும் உங்கள் போனுக்கு அழைப்பு வரும். வாங்கும்போது மின்தடை அழைப்பு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் பக்கம் நிறையப் பண்ணைகளில் இருக்கிறது. ஒரு பேஸ் மட்டும் போனாலும் சொல்கிற மாடலாகப் பாருங்கள், மூன்று பேஸ் ஃபேன்கள் இரண்டு பேஸில் உறுமிக்கொண்டே கருகிவிடும்.

தாராபுரத்துக்காரன், டெக்சாஸ்:

ஊர்ப் பக்கம் இப்படி நடந்ததைப் படிக்க மனசு கனக்கிறது. நான் இருப்பது டெக்சாஸில் ஒரு கிராமப்புறம். இங்கே எங்களுக்குக் கரண்ட் தருவது ஒரு கூட்டுறவுச் சங்கம், கரண்ட் வாங்குகிற ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். 1935 வாக்கில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்ததாம். தள்ளித் தள்ளி இருக்கிற தோட்டங்களுக்குக் கம்பி இழுத்தால் கட்டாது என்று தனியார் கம்பெனிகள் விட்டுவிட்டன. அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் அந்த வருஷம் ஊரக மின்மயத்துக்கென்று ஒரு அமைப்பைத் தொடங்கினார், 1936-ல் சட்டம் வந்தது. விவசாயிகள் சங்கம் கூடி, அரசுக் கடனில் தாங்களே கம்பம் நட்டார்கள். இன்று அப்படி ஏறக்குறைய 900 சங்கங்கள் இருக்கின்றன. எவ்வளவு கரண்ட் செலவழித்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. செலவு போக மிஞ்சுகிற பணம் உறுப்பினர் கணக்கில் ஏறி, சில வருஷம் கழித்துத் திரும்பி வரும்.

எனக்கு இதில் பிடித்தது செய்தி வருகிற விதம். மாதம் ஒரு உறுப்பினர் இதழ் வீட்டுக்கு வருகிறது. எந்தப் பக்கம் மரம் வெட்டப் போகிறார்கள், எப்போது லைன் நிற்கும், பொதுக்குழு எந்த நாள், எல்லாம் அதில் இருக்கும். நம் ஊரில் இப்படிச் சங்கம் வைக்க வழி இருக்கிறதா?

தறிக்காரர், சோமனூர்:

நம் நாட்டிலும் உண்டுங்க. தறித் தொழிலில் இருக்கிறவர்களுக்கு சிரிசில்லா தெரியும், தெலங்கானாவின் தறி ஊர். அங்கே கரண்ட் கொடுப்பதே கூட்டுறவு மின் சங்கம்தான். பெலகாவி மாவட்டத்து ஹுக்கேரியிலும் ஒன்று இருக்கிறது. 1969-ல் ஊரக மின்மயக் கழகம் வந்தபின் சோதனையாகத் தொடங்கியவற்றில் இவையும் சேர்ந்தவை. நம் பக்கம் மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஓடந்துறை ஊராட்சி 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கி, கரண்டை வாரியத்துக்கு விற்றது. அது சங்கம் இல்லை, ஆனாலும் ஒரு ஊர் சேர்ந்தால் என்ன செய்யலாம் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் அம்மிணிக்கு மூன்று வாரத்தில் குஞ்சு இறங்குகிறது. அதற்குள் மின் சங்கம் வராது. உங்கள் ஊரில் பால் சங்கம் இருக்கிறதல்லவா? வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்களும் காலையும் மாலையும் அங்கேதானே பால் ஊற்றுகிறார்கள்? தீவனம் வந்தது, பட்டுவாடா நாள் என்று எழுதுகிற போர்டு ஒன்று அங்கே இருக்கும். அதில் ஒரு மூலையைக் கேட்டு வாங்குங்கள்.

கொட்டகைக்காரி:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், எல்லோரும் மன்னிக்க வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் எண்ணைக் குறித்துக்கொண்டு போனேன். லைன்மேன் அண்ணன் சொன்னது அப்படியே சரி. கொட்டகை இருப்பது மேற்கே உள்ள வேறு நிலையத்தின் ஃபீடரில். பழைய பேப்பரை மறுபடி பார்த்தேன், அந்த நிலையத்தின் பெயர் அன்று மூன்றாவது வரியில் இருந்தது. அதைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது.

பதிவில் இருந்தது மாமனாரின் பழைய எண்தான். அந்த சிம் கட்டிலுக்கடியில் ஒரு டப்பாவில், அவர் கண்ணாடியோடு இருந்தது. என் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டேன், நேற்றுதான் முதன்முதலாக எஸ்.எம்.எஸ். வந்தது. பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்று விண்ணப்பித்திருக்கிறோம். சேஞ்ச்ஓவர் மாட்டியாகிவிட்டது, நான்கு போல்தான். மாட்டும்போது எதற்கு இவ்வளவு செலவு என்று வீட்டுக்காரர் கேட்டார். கம்பத்திலிருந்து அந்தப் பையனை இறக்கிய கதையைப் படித்துக் காட்டினேன், அதற்குப்பின் ஒன்றும் சொல்லவில்லை.

பால் சங்கச் செயலாளர் போர்டின் வலது பக்கத்தை எங்களுக்கே விட்டுவிட்டார். மேலே "வாய்க்காலுக்குக் கிழக்கே", "வாய்க்காலுக்கு மேற்கே" என்று இரண்டு கட்டம் போட்டு, எந்தக் கட்டத்துக்கு எந்த நிலையம் என்று பெயின்ட்டிலேயே எழுதிவிட்டோம். தேதி மட்டும் சாக்பீஸில். முதல் நாளே மேற்குத் தோட்டத்து அப்பத்தா ஒருவர் கேனைக் கீழே வைத்துவிட்டு, அவர் பேத்தி படித்துச் சொல்லும் வரை நின்று கேட்டார். அவர் தோட்டத்திலும் குஞ்சுக் கொட்டகை இருக்கிறது.

அடுத்த பராமரிப்பு மேற்கே 18-ம் தேதி, ஒன்பது முதல் ஐந்து வரை. குஞ்சு இறங்குவது 16. இரண்டு நாள் குஞ்சுக்கு ஃபேன் வேண்டாம், சூடு தருகிற புரூடர் பல்புதான் வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு ஜெனரேட்டர் போதுமா, இல்லை கரி அடுப்பும் தயாராக வைக்க வேண்டுமா? உடுமலைத் தம்பி சொல்லுங்கள்.

பண்ணை மேற்பார்வையாளர், உடுமலை:

இரண்டும் வையுங்கள் அக்கா. கரி அடுப்பு வைத்தால் புகை தங்காதபடி மேல்பக்கத் திரையை ஒரு சாண் திறந்து விடுங்கள். 18-ம் தேதி காலை எனக்கு அந்தப் பக்கம்தான் வேலை, எட்டு மணிக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.