மின் சக்கர நாற்காலிக் கையேடு: "துரு" ஒண்ணு மட்டும் போதாது

எல்லாருக்கும் வணக்கம்.

மின் சக்கர நாற்காலிய பராமரிக்க நாம தமிழ்ல எழுதுற கையேட்டுல எல்லா உலோக அரிப்புக்கும் "துரு"ன்னே போட்டுடலாம், படிக்கிறவங்களுக்கு சுலபமா புரியும்னு அண்ணன் எழுதியிருந்தீங்க. எனக்கு அது சரியா படலண்ணே. துருங்கிறது இரும்புக்குதான். எங்க அப்பாவோட வீல்சேர நான்தான் பாத்துக்கிறேன், அதுல சட்டம் அலுமினியம், ஒயரெல்லாம் செம்பு, போல்ட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சாதா இரும்பு அங்கங்க கொஞ்சம்தான். துருன்னு படிச்சவரு செவப்பா ஏதாவது இருக்கான்னு தேடுவாரு, கண்ணுல படலன்னா வண்டி நல்லாத்தான் இருக்குன்னு விட்டுடுவாரு, ஆனா உள்ள வேற நெறத்துல வேல நடந்துட்டு இருக்கும்.

நம்ம சிங்கப்பூர்ல இது சின்ன விஷயம் இல்ல. விடியற்காலையில காத்துல ஈரப்பதம் 90 சதவீதத்தத் தாண்டுது, மழையில்லாத நாள்ல மத்தியானம்தான் 60 கிட்ட எறங்குது, காரிடார்ல நிறுத்தி வச்ச வண்டி மழையில நனையலனாலும் காய்ஞ்சே கெடக்காது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பக்கம் கூட்டிட்டுப் போறவங்களுக்கு உப்புக்காத்து வேற.

மொதல்ல பச்சையா வர்றத எடுத்துக்குவோம். பேட்டரிப் பெட்டிய தெறந்து ரெண்டு 12 வோல்ட் பேட்டரியும் சேர்ற பிளக்க இழுத்துப் பாருங்க, செம்பு தெரியற எடத்துல ஓரமா பச்சையா பொடி ஒட்டியிருக்கும், சில சமயம் ஒயர் மேல இருக்கிற பிளாஸ்டிக் தோலுக்கு உள்ளயும் அது ஏறிப்போயிருக்கும். அந்தப் பொடி கரண்ட்ட சரியா விடாது, அந்த எடம் சூடாகும், பேட்டரி ஃபுல்லுன்னு காட்டும் ஆனா சாய்வுப்பாதையில ஏறும்போது வண்டி தெணறும், ரொம்ப நாள் விட்டா பிளக்கோட பிளாஸ்டிக்கே இளகிடும். இதுக்கு புதுசா சொல்லு எதுவும் ஆக்கவே வேண்டாம், களிம்புன்னு நம்மகிட்டயே இருக்கு. செம்புல களிம்பு மாதிரி உயிர்ல ஆணவம்னு சைவத்துல சொல்லி வச்சிருக்காங்க, பித்தளைப் பாத்திரத்துல களிம்பு ஏறக்கூடாதுன்னுதான் ஈயம் பூசினாங்க. இப்ப களிம்புன்னா மருந்துக்கடையில வாங்குற ஆயின்மென்ட்தான ஞாபகம் வரும்னு நம்மள்ல ஒரு அக்கா கேட்டது நியாயம்தான், அதனால தனியா நிக்க விடாம "செம்புக் களிம்பு"ன்னு எழுதுவோம், கொழப்பம் வராது.

அடுத்தது, இதுதான் எனக்கு முக்கியம். அலுமினியக் குழாய்க்குள்ள ஸ்டெயின்லெஸ் போல்ட்டு, நடுவுல ஈரம், அதுல கொஞ்சம் உப்பு. இது போதும், ரெண்டு உலோகமும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆயிடும், அதுல கரையறது அலுமினியம். போல்ட்டு பளபளன்னுதான் இருக்கும், அதச் சுத்தி வெள்ளையா பொடி தள்ளும், அந்தப் பொடி உப்பி மரையில அடைச்சுக்கும். கால்பலகைய ஒசத்தணும்னு ஸ்பேனர் போட்டா அசையாது, மல்லுக்கட்டுனா போல்ட்டு தலை முறியும் இல்லனா குழாய் மரை போயிடும். இதுக்கு "மின்வேதி அரிமானம்"னு வந்த பரிந்துரை அறிவியல்படி தப்பில்ல, ஆனா வீட்ல வண்டிய தொடைக்கிற பிள்ளைக்கோ வேலைக்கார அக்காவுக்கோ அது எங்க பாக்கணும்னு சொல்லாது. நான் வைக்கிற சொல்லு "ஈருலோக அரிப்பு". ரெண்டு உலோகம் தொடுற எடத்துல பாருன்னு சொல்லுக்குள்ளயே இருக்கு, தடுக்கிற வழியும் அதுலயே வந்துடுது: தொடாம பண்ணு, நைலான் வாஷர் போடு, மரையில கிரீஸ் தடவு, ஈரம் நிக்க விடாத. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்த (HDB) சுருக்கி வீவகன்னு சொன்னா இன்னைக்கு இங்க யாருக்கும் வெளக்கம் தேவப்படல, பொழங்கினா இதுவும் ஒட்டிக்கும்.

எல்லா உலோக அரிப்புக்கும் பொதுவா தலைப்புல "அரிமானம்" இருக்கட்டும், அதுல எனக்கு ஆட்சேபம் இல்ல. துரு இரும்புத் திருகுக்கும் ஸ்பிரிங்குக்கும்.

கையேட்டுல இன்னொண்ணையும் அழுத்தமா போடணும். சுத்தம் பண்றதுன்னதும் நெறைய பேரு வாய்ட் டெக் (புளோக்குக்கு அடியில இருக்கிற பொது எடம்) கொழாயில ஹோஸ் புடிச்சு அடிக்கிறாங்க, அது மோட்டாருக்கும் ஜாய்ஸ்டிக்குக்கும் கேடு. பவர ஆஃப் பண்ணிட்டு நல்ல தண்ணியில நனைச்சு பிழிஞ்ச துணியால உப்பத் தொடைச்சு உடனே காய்ஞ்ச துணியால ஒத்தி எடுத்தா போதும். பேட்டரி பிளக்குல கை வைக்கிறதுக்கு முன்னாடி மோதிரம், வாட்ச்ச கழட்டிடணும், செம்புக் களிம்ப காண்டாக்ட் கிளீனரால (மின் இணைப்புகள சுத்தம் பண்ற ஸ்ப்ரே) சுத்தம் பண்ணி நல்லா காஞ்சப்புறம் லேசா வாசலின். களிம்பு ரொம்ப உள்ள போயிருந்தா சொரண்டிட்டு இருக்காம முனைய வெட்டி புதுசா மாத்தச் சொல்றதுதான் நல்லது.

பாக்கி இருக்கிறது அந்த வெள்ளைப் பொடிக்கு ஒரு பேரு. செவுத்துல உப்பு பூத்திருக்குன்னு சொல்றோம்ல, அத வச்சு "வெண்பூப்பு"ன்னு ஒண்ணு தோணுச்சு, "அலுமினியப் பூப்பு"ன்னும் வைக்கலாம். எனக்கு இன்னும் மனசு ஒண்ணுல நிக்கல, வண்டிய கையால தொட்டு வேல செய்றவங்க யாராவது சொல்லுங்க, நீங்க வீட்ல அத என்னன்னு சொல்றீங்களோ அதையே எடுத்துக்கலாம்.