எமிசிசுமாப் பெறும் நோயாளியின் ஏபிடிடி முடிவு: கருத்தரங்குகளில் நாம் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

தாலுகா மருத்துவர்

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் அரசுத் தாலுகா மருத்துவமனையில் பொது மருத்துவராகப் பணிபுரிகிறேன். சென்ற மாதம் இரவுப் பணியில் இருந்தபோது, கடுமையான ஹீமோஃபிலியா ஏ (இரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் 8 என்ற புரதம் குறைவாக இருக்கும் நோய்) உள்ள பதினொரு வயதுச் சிறுவனை அவனுடைய தாயார் அழைத்து வந்தார். மிதிவண்டியிலிருந்து விழுந்ததில் அவனுடைய முழங்கால் வீங்கியிருந்தது. இரத்தக் கசிவைத் தடுப்பதற்காக நான்கு வாரத்துக்கு ஒருமுறை எமிசிசுமாப் ஊசி போட்டுக்கொள்கிறான் என்பதையும் அவர் மறக்காமல் சொன்னார். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் ஏபிடிடி பரிசோதனையைச் செய்து பார்த்தேன்; முடிவு இயல்பு அளவின் கீழ் எல்லையையும்விடக் குறைவாக இருந்தது. இரத்தம் நன்றாகவே உறைகிறது என்று கருதி, ஃபேக்டர் 8 தேவையில்லை என முடிவு செய்தேன். வலி குறைவதற்கு டைக்ளோஃபெனாக்கைத் தசையில் போடச் சொன்னேன்; அதைத் தாயார்தான் தடுத்தார். காலையில் மூட்டு மேலும் இறுகி, அவனால் காலை நீட்டவே முடியவில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிய பிறகுதான் அவனுக்கு ஃபேக்டர் கிடைத்தது. இப்போது நடக்கிறான்.

இந்தச் சம்பவத்துக்கு மூன்று மாதம் முன்புதான் இரத்த நோய்களுக்கான புதிய சிகிச்சைகள் பற்றிய ஒரு நாள் கருத்தரங்கில் கலந்துகொண்டு சான்றிதழும் பெற்றிருந்தேன். எமிசிசுமாப் எவ்வாறு செயல்படுகிறது என்பதைப் படங்களுடன் விளக்கினார்கள். மரபணு சிகிச்சை பற்றியும் நீண்ட உரை இருந்தது. ஆனால் அந்த இரவில் எனக்குத் தேவைப்பட்ட செய்தி அந்த உரைகளில் இருந்ததாக நினைவில்லை. என்னைப் போன்ற மருத்துவர்கள் இத்தகைய வகுப்புகளில் எதைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்று மூத்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

குருதியியல் பேராசிரியர், ஓய்வு

அன்புள்ள டாக்டர், நடந்ததை ஒளிக்காமல் எழுதியதற்கு முதலில் என் பாராட்டு. எமிசிசுமாப் தொடர்பான வகுப்புகளை நானும் எடுத்திருக்கிறேன். மருந்தின் வெற்றியைச் சொல்வதில் நாங்கள் செலவிட்ட நேரத்தை, அம்மருந்தைப் பெறும் நோயாளி அடிபட்டு வந்தால் என்ன செய்வது என்பதற்குச் செலவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

செயல்பாட்டைப் புரிந்துகொண்டால் ஏபிடிடி ஏன் ஏமாற்றுகிறது என்பதும் புரிந்துவிடும். ஃபேக்டர் 8 இயல்பாகச் செய்யும் வேலை, செயலூட்டப்பட்ட ஃபேக்டர் 9-ஐயும் ஃபேக்டர் 10-ஐயும் அருகருகே கொண்டுவருவது. எமிசிசுமாப் ஒரு கையால் ஒன்றையும் மறு கையால் மற்றொன்றையும் பிடித்து அதே வேலையைச் செய்கிறது. ஆனால் ஃபேக்டர் 8 முதலில் த்ராம்பின் என்ற உறைவு நொதியால் தூண்டப்பட வேண்டும். எமிசிசுமாப்புக்கு அந்தத் தூண்டல் தேவையில்லை. அதனால் சோதனைக் குழாயில் உறைதல் மிக வேகமாக நடந்து, மருந்தின் அளவு இரத்தத்தில் மிகக் குறைவாக இருக்கும்போதே ஏபிடிடி சுருங்கிவிடுகிறது. நோயாளியின் உடலிலோ, அவர் ஏறத்தாழ லேசான ஹீமோஃபிலியா உள்ளவரைப் போன்ற நிலையில்தான் இருக்கிறார். தானாக ஏற்படும் கசிவுகள் பெரும்பாலும் நின்றுவிடும், அடிபட்டால் கசியும்.

ஆகவே இன்ஹிபிட்டர் (ஃபேக்டர் 8-ஐச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்) இல்லாத அந்தச் சிறுவனுக்கு, ஏபிடிடி எதைக் காட்டினாலும், மூட்டு வீங்கியதுமே ஃபேக்டர் 8 கொடுத்திருக்கலாம். ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட் கொடுத்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 2 சதவீதம் உயரும் என்ற பழைய கணக்கையே இப்போதும் பயன்படுத்தலாம். தலையில் அடிபட்டு வந்தால் ஸ்கேன் முடிவுக்குக் காத்திராமல் முதலில் ஃபேக்டரைப் போட வேண்டும். தசையில் ஊசி வேண்டாம். டைக்ளோஃபெனாக்கும் ஆஸ்பிரினும் எந்த வழியிலும் வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் கொடுங்கள். அந்தத் தாயார் செய்தது முற்றிலும் சரி.

இன்ஹிபிட்டர் உள்ளவர்களிடம் ஆபத்து வேறு விதமானது. இம்மருந்தின் முதல் பெரிய ஆய்வான ஹேவன் 1, 2017-இல் வெளியானது. தடுப்பு மருந்து ஏதும் பெறாதவர்களோடு ஒப்பிட்டபோது கசிவுகள் 87 சதவீதம் குறைந்திருந்ததைக் கருத்தரங்குகளில் பெரிய எழுத்தில் காட்டுவோம். அதே ஆய்வில், எமிசிசுமாப்புடன் ஃபீபா என்ற உறைவுக் காரணித் தொகுப்பையும் பெற்ற சிலருக்கு நுண்குழாய்களில் இரத்தம் உறைந்துபோனது. ஒரு நாளில் கிலோவுக்கு 100 யூனிட்டுக்கு மேல், ஒரு நாளோ அதற்கு மேலோ ஃபீபா கொடுக்கப்பட்டவர்களிடம்தான் இது காணப்பட்டது. ஆகவே இவர்களுக்குச் செயலூட்டப்பட்ட ஃபேக்டர் 7 கொடுப்பதே முதல் தெரிவு. அவசரப் பிரிவில் இருப்பவர் இதை அறியாவிட்டால், நல்ல எண்ணத்தோடு கொடுக்கும் மருந்தே நோயாளியின் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

மரபணு சிகிச்சை பற்றிய உரைகளைக் குறை சொல்ல மாட்டேன். வேலூர் சிஎம்சியில் ஐந்து நோயாளிகளின் குருதித் தண்டணுக்களில் லென்டிவைரஸ் வழியாக ஃபேக்டர் 8 மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்திய ஆய்வு 2024-இன் இறுதியில் வெளியானபோது, நாற்பது ஆண்டுகளாகக் கிரையோபிரெசிபிடேட் (ஃபேக்டர் 8 செறிந்த பிளாஸ்மா பகுதி) பைகளைத் தேடி அலைந்த என் போன்றவர்கள் கண் கலங்கினோம். ஆயினும் தாலுகா மருத்துவமனைக்கு நாளை வரப்போவது எமிசிசுமாப் பெறும் சிறுவன். வகுப்பின் முதல் மணி நேரம் அவனுக்கே உரியது.

ஆய்வகப் பொறுப்பாளர்

பேராசிரியர் ஐயா சொன்னதோடு ஆய்வகத் தரப்பையும் சேர்க்க விரும்புகிறேன். ஏபிடிடியை அடிப்படையாகக் கொண்ட எல்லாச் சோதனைகளும் எமிசிசுமாப்பினால் திரிந்துபோகும். வழக்கமான ஒற்றைநிலை ஃபேக்டர் 8 சோதனை, உண்மைக்கு மாறாக மிக உயர்ந்த அளவைக் காட்டும். இன்ஹிபிட்டரைக் கண்டறியும் வழக்கமான பெதஸ்டா சோதனை, அது இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடலாம். மாட்டின் உறைவுக் காரணிகளால் ஆன வினைப்பொருள்களைக் கொண்டு செய்யும் நிறமாற்றத்தை அளக்கும் குரோமோஜெனிக் சோதனைதான் சரியான விடை தரும், ஏனெனில் எமிசிசுமாப் மனிதக் காரணிகளை மட்டுமே பற்றிக்கொள்கிறது. சோதனைச் சீட்டில் ‘எமிசிசுமாப் பெறுகிறார்’ என்று மருத்துவர் ஒரு வரி எழுதி அனுப்பினாலே நாங்கள் விழித்துக்கொள்வோம். அந்த வரி இல்லாத சீட்டுகளே எங்களுக்கு அதிகம் வருகின்றன.

சிறுவனின் தாய்

நான் மருத்துவர் இல்லை. எமிசிசுமாப் பெறும் வேறொரு பையனின் தாய். எந்த மருந்து, எந்த அளவு, கடைசியாகப் போட்ட தேதி, இன்ஹிபிட்டர் உண்டா இல்லையா, எங்கள் சிகிச்சை மையத்தின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிய அட்டையை என் மகனின் பள்ளிப் பையில் எப்போதும் வைத்திருக்கிறேன். அதை வாங்கிப் படித்துவிட்டு, மையத்துக்கு உடனே தொலைபேசியில் பேசும் மருத்துவரைக் கண்டால் எங்களுக்குப் பாதி பயம் போய்விடும். தெரியாததைக் கேட்கும் மருத்துவரை நாங்கள் குறைவாக நினைப்பதில்லை, டாக்டர்.

தாலுகா மருத்துவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்து ஆண்டுகளுக்கு 30 மணி நேரம் என்று விதிமுறை சொல்லும் தொடர் மருத்துவக் கல்வியை, இதுவரை கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் நிரப்பி வந்தேன். அடுத்த மாதம் எங்கள் மருத்துவமனையிலேயே, செவிலியர்களையும் ஆய்வகத்தினரையும் சேர்த்து, இந்த ஒரே பொருளில் ஒரு மணி நேரம் பேசுவதற்கு அனுமதி கேட்டிருக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. எமிசிசுமாப்பை நிறுத்திவிட்ட நோயாளி வந்தால், எவ்வளவு காலத்துக்கு அவருடைய ஏபிடிடியை நம்பக் கூடாது?

குருதியியல் பேராசிரியர், ஓய்வு

அதன் அரைவாழ்வுக் காலம் (இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம்) ஏறத்தாழ நான்கு வாரம். ஆகவே கடைசி ஊசிக்குப் பிறகு ஆறு மாதம் வரை நம்ப வேண்டாம். ஃபீபா பற்றிய எச்சரிக்கையும் அதே ஆறு மாதத்துக்குப் பொருந்தும்.